ஆய்வகப் பட்டயத்திலிருந்து பட்டப்படிப்புக்கு: சட்டம் சொல்வதும் தலித் மாணவர்கள் எதிர்கொள்வதும்

சமுதாயக் கல்லூரி ஒன்றில் மருத்துவ ஆய்வக நுட்பப் பட்டயம் பெற்று, தனியார் ஆய்வகமொன்றில் மூன்றாண்டுகள் பணியாற்றிய தலித் மாணவி ஒருவர் அண்மையில் எங்களிடம் சட்ட ஆலோசனைக்காக வந்தார். அவர் குடும்பத்தில் பள்ளியிறுதியைத் தாண்டிய முதல் ஆள் அவரே. பி.எஸ்சி. மருத்துவ ஆய்வக நுட்பவியல் படிக்க விரும்பி அவர் ஏறி இறங்கிய இடங்களில் மூன்று பதில்கள் கிடைத்தன. ‘உங்கள் பட்டயத்தை எங்கள் பல்கலைக்கழகம் ஏற்பதில்லை’ என்றது ஒரு கல்லூரி. ‘முதலாம் ஆண்டிலிருந்து சேரலாம், ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில்தான் இடம் உண்டு’ என்றது இன்னொரு கல்லூரி. உதவித்தொகை பற்றி விசாரித்த அலுவலகத்தில், ‘ஏற்கெனவே ஒரு தொழிற்படிப்பு முடித்தவருக்கு மீண்டும் தரமுடியாது’ என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்த மூன்று பதில்களும் மூன்று வேறு இடங்களிலிருந்து வந்தவை. எவரும் அவருடைய சாதியைக் குறிப்பிடவில்லை. ஆயினும் மூன்றும் சேர்ந்து அவர் முன்னால் இருந்த வழியை அடைத்துவிட்டன. இவற்றுள் எது சட்டப்படி சரி, எது தவறு, எது சட்டப்படி சரியாக இருந்தும் மாற்றப்பட வேண்டியது என்பதைப் பிரித்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதே நிலையில் இருக்கும் மாணவர்களுக்கும், அவர்களுக்குத் துணை நிற்கும் தோழர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறோம்.

ஒரே ஆய்வகம், வெவ்வேறு படிகள்

மருத்துவ ஆய்வகக் கல்வி நம் மாநிலத்தில் பல படிகளாக இருக்கிறது. ஓராண்டுச் சான்றிதழ் படிப்பு முதல் படி. ஈராண்டுப் பட்டயம் இரண்டாவது. மூன்றாண்டுப் பாடமும் அதன்பின் பயிற்சிக் காலமும் கொண்ட பி.எஸ்சி. பட்டம் மூன்றாவது. அதற்கும் மேலே முதுநிலைப் படிப்புகள் உள்ளன.

அன்றாட வேலையைப் பார்த்தால் இந்தப் படிகளுக்கு இடையிலான எல்லை அவ்வளவு தெளிவாக இல்லை. இரத்தம் எடுப்பது, சளி மாதிரியைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் காசநோய்க் கிருமியைத் தேடுவது, தானியங்கிக் கருவியை அளவுதிருத்தம் செய்வது, இரத்தவகைப் பொருத்தம் பார்ப்பது ஆகிய அனைத்தையும் சிறு ஆய்வகங்களில் பட்டயம் பெற்றவரே செய்கிறார். ஊதியமும் பதவி உயர்வும் வரும்போதுதான் எல்லைக்கோடு தெரிகிறது. ஆய்வகப் பொறுப்பாளர், தரக்கட்டுப்பாட்டு அலுவலர், கல்லூரி ஆசிரியர் போன்ற பணிகளுக்குப் பட்டமோ அதற்கு மேற்பட்ட தகுதியோ கேட்கப்படுகிறது. ஆய்வக அறிக்கையில், நோயியலில் முதுநிலைத் தகுதி பெற்ற பதிவுபெற்ற மருத்துவரே கையொப்பமிட வேண்டும் என்ற நிலைப்பாட்டை 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குஜராத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உறுதிசெய்தது. நோயாளியின் நலன் கருதி அந்த விதிக்கு நியாயம் உண்டு. ஆனால் கீழ்ப்படியில் நிற்பவர் மேற்படிக்கு ஏறுவதற்கு வழி இருந்தால்தான் இத்தகைய படிநிலை நியாயமானதாகும்.

சமுதாயக் கல்லூரி எதற்காக வந்தது?

சமுதாயக் கல்லூரி என்ற கருத்து அமெரிக்காவிலிருந்து வந்தது. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கப்பட்ட கல்லூரி அதன் முன்னோடியாகக் கருதப்படுகிறது. பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டாண்டுப் பாடங்களை உள்ளூரிலேயே, குறைந்த செலவில் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டுக்குப் பல்கலைக்கழகம் செல்வது என்பதே அங்கே அதன் மூல நோக்கம். வேலைக்கான பயிற்சி பின்னர் விரிவாகச் சேர்ந்தது.

அங்கும் இந்த வழி சீராக இல்லை. ஈராண்டு ஆய்வகப் பட்டயம் பெற்றவர் நான்காண்டு மருத்துவ ஆய்வக அறிவியல் பட்டத்துக்கு மாறும்போது, அவர் படித்த தொழிற்பாடங்களைப் பல்கலைக்கழகம் ஏற்காமல் போவதுண்டு. வேதியியலையும் உயிரியலையும் அவர் மீண்டும் படிக்க நேரிடுகிறது. கல்லூரி மாறும் மாணவர்கள் சராசரியாகத் தாம் பெற்ற மதிப்பலகுகளில் 43 விழுக்காட்டை இழக்கிறார்கள் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017இல் மதிப்பிட்டது. இதைச் சரிசெய்யக் கலிஃபோர்னியா மாநிலம் 2010இல் தனிச் சட்டமே இயற்றியது. குறிப்பிட்ட வகை ஈராண்டுப் பட்டம் பெற்றவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி என்று அச்சட்டம் கூறுகிறது. படித்த படிப்பு அடுத்த இடத்திலும் எண்ணப்பட வேண்டும் என்பதைத் தனித்தனிக் கல்லூரிகளின் விருப்பத்துக்கு விடாமல் சட்டத்தில் எழுதினார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இந்தியாவில் 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. தமிழகத்தில் தொண்டு நிறுவனங்களும் திருச்சபைகளும் இக்கல்லூரிகளைப் பரவலாக்கின. பள்ளியை இடையில் விட்டவர்களுக்கும், கல்லூரிக் கட்டணம் செலுத்த இயலாதவர்களுக்கும் அவை கதவைத் திறந்தன என்பதை நாம் மறுக்க முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவும் பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் சமுதாயக் கல்லூரித் திட்டத்தை அறிவித்தது. பிற்காலத்தில் உயர்கல்விக்கு முன்னேறும் வாய்ப்பைத் தருவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. நோக்கம் எழுத்தில் இருந்தது. ஆனால் எந்தப் பட்டயம் எந்தப் பட்டத்தின் எந்த ஆண்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்ற இணைப்பு பெரும்பாலும் உருவாக்கப்படவில்லை. ‘ஓராண்டில் வேலை’ என்ற வாக்குறுதி மட்டும் சேர்க்கைத் துண்டறிக்கைகளில் நிலைத்துவிட்டது.

2021ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கோடு

துணை மருத்துவப் பணியாளர்களின் கல்வியை நெறிப்படுத்த நாடு தழுவிய சட்டம் நெடுங்காலம் இல்லை. 2021இல் நாடாளுமன்றம் துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை இயற்றியது. அதன் அட்டவணையில் உள்ள பத்துப் பிரிவுகளில் முதலாவதே மருத்துவ ஆய்வகமும் உயிர் அறிவியலும்தான்.

இச்சட்டம் இரண்டு வரையறைகளைத் தருகிறது. துணை மருத்துவத் தொழில்முறையாளர் என்பவர் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணிநேரம் படித்துப் பட்டயமோ பட்டமோ பெற்றவர். சுகாதாரத் தொழில்முறையாளர் என்பவர் மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணிநேரம் படித்துப் பட்டம் பெற்றவர். இனிமேல் புதிய கல்வி நிறுவனம் தொடங்க மாநில மன்றத்தின் முன் அனுமதி வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது.

இந்த எண்களை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். ஓராண்டில் முடியும் ஆய்வகப் படிப்பு 2,000 மணிநேரம், ஈராண்டு என்ற குறைந்தபட்ச அளவைத் தொடுவதில்லை. அத்தகைய படிப்பில் இனிச் சேர்பவர், பதிவுக்குரிய தகுதியைத் தாம் பெறப்போகிறோமா என்று கேட்காமல் சேரக்கூடாது. நம் மக்கள் அதிகம் சேர்வது, கட்டணமும் காலமும் குறைந்த இத்தகைய படிப்புகளில்தான் என்பது எங்கள் கள அனுபவம். தரத்தை உயர்த்தும் ஒரு சட்டம், ஏற்கெனவே படித்துப் பணியில் இருப்பவர்களுக்கு மேலேறும் வழியையும் சேர்த்தே தராவிட்டால், அதன் சுமை முழுவதும் கீழ்ப்படியில் நிற்பவர்மீது விழும்.

சட்டம் வந்தபின்னும் மாநில அரசுகள் அசையவில்லை. மருத்துவ நுட்பவியலாளர்களின் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய, மாநில அரசுகளைக் கண்டித்து, அவ்வாண்டு அக்டோபர் 12க்குள் சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு ஆணையிட்டது. அதுவரை 14 மாநிலங்கள் மட்டுமே மன்றங்களை அமைத்திருந்தன என்பதும் அவ்வழக்கில் பதிவானது. இந்த வழக்கைத் தொடுத்தவர்கள் ஆய்வகங்களிலும் ஊடுகதிர்ப் பிரிவுகளிலும் பணியாற்றும் தொழில்நுட்பவியலாளர்களே என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

தொலைநிலைக் கல்வி பற்றியும் ஓர் எச்சரிக்கை. பணியாற்றிக்கொண்டே படிக்க விரும்புவோரிடம் ‘அஞ்சல்வழியில் பி.எஸ்சி. ஆய்வகப் பட்டம்’ என்று விற்கும் முகவர்கள் உண்டு. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் அறிவித்துவிட்டது. முறையான ஒப்புதலின்றித் தொலைநிலையில் பொறியியல் பட்டம் வழங்கிய நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் வழக்கில், 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் என்ன செய்தது என்பதும் நமக்குப் பாடமாக வேண்டும். தவறிழைத்தவை பல்கலைக்கழகங்கள், ஆனால் பட்டத்தின் மதிப்பை இழந்து நின்றவர்கள் மாணவர்கள்.

இரண்டாம் ஆண்டின் வாசல்

பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்றவர் பொறியியல் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வது தமிழகத்தில் எல்லாருக்கும் தெரிந்த நடைமுறை. காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் அதற்கான கலந்தாய்வு பல ஆண்டுகள் நடந்துவந்திருக்கிறது. பட்டய மதிப்பெண் பார்க்கப்படும், இடஒதுக்கீடு பின்பற்றப்படும், தரவரிசை வெளியிடப்படும். மருந்தியல் பட்டயம் பெற்றவர் பி.ஃபார்ம். இரண்டாம் ஆண்டில் சேரவும், செவிலியர் பட்டயம் பெற்றவர் பட்டம் பெறவும் இதுபோல் தனி வழிகள் உண்டு.

ஆய்வகப் பட்டயத்துக்கு அத்தகைய உறுதியான பொது வாசல் இல்லை. அரசு ஒதுக்கீட்டு பி.எஸ்சி. இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. பட்டயத்தில் பெற்ற மதிப்பெண்ணும் பணியனுபவமும் அங்கே கணக்கில் வருவதில்லை. பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படிக்காமல் தொழிற்பிரிவிலோ கலைப்பிரிவிலோ படித்து, பின் சமுதாயக் கல்லூரியில் ஆய்வகப் பட்டயம் பெற்றவருக்கு அந்த இடங்கள் முற்றிலும் மூடப்பட்டவையே. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ப்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுகிறது.

இது நடைமுறைச் சாத்தியமற்ற கோரிக்கை என்று சொல்ல முடியாது. ஒன்றிய சுகாதார அமைச்சகம் துணை மருத்துவப் படிப்புகளுக்காக வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டக் கையேடுகளே, அரசு வாரியங்களின் கீழ்ப் பட்டயம் பெற்றவர்களை அதே பாடத்தில் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேர்க்கலாம் என்ற வழியைக் காட்டுகின்றன. மாதிரிப் பாடத்திட்டம் பல்கலைக்கழகங்களைக் கட்டுப்படுத்தும் விதியன்று. ஆனால் அரசிடமும் பல்கலைக்கழகங்களிடமும் கோரிக்கை வைக்கும்போது நாம் சுட்டிக்காட்டத்தக்க வலுவான ஆவணம் அது.

ஆகவே, மாணவி பெற்ற முதல் பதில் இன்றைய விதிகளின்படி சட்டப்பூர்வமானதாக இருக்கலாம். மாற்றப்பட வேண்டியவை விதிகளே.

உதவித்தொகையும் ஒதுக்கீடும்

இரண்டாவது பதிலான நிர்வாக ஒதுக்கீட்டில் ஒரு பொறி இருக்கிறது. தமிழகத்தில் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடும் (அதனுள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடும்), பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் உண்டு. சிறுபான்மையினர் நிறுவனங்கள் நீங்கலாகத் தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் இடஒதுக்கீட்டை விரிவாக்கும் சட்டம் 2006இல் வந்தது. தனியார் கல்லூரிகளில் பயிலும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவராக மதம் மாறிய ஆதிதிராவிடர் ஆகியோரின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்க வழிசெய்தது 2012ஆம் ஆண்டின் அரசாணை எண் 92. ஆனால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்ட நெறிமுறைகள் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களை விலக்கிவிட்டன. ஒதுக்கீட்டு இடம் கேட்டு வரும் மாணவரை நிர்வாக இடத்தில் சேர்க்கும் கல்லூரி, அவருடைய உதவித்தொகை உரிமையையும் சேர்த்தே பறித்துவிடுகிறது. ஆகவே சேர்க்கைக் கடிதத்தில் எந்த ஒதுக்கீடு என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் செலுத்தக்கூடாது.

மூன்றாவது பதில் எங்கள் பார்வையில் தவறானது. போஸ்ட் மெட்ரிக் திட்டம், பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத பட்டியல் சாதி மாணவர்களுக்கானது. அதன் நெறிமுறைகள் இரு வகையினரை விலக்குகின்றன. ஒரு கட்டப் படிப்பை முடித்தபின் அதே கட்டத்தில் வேறொரு பாடத்தைப் படிப்பவர் ஒருவகை. ஒரு தொழிற்கல்வித் துறையை முடித்து வேறொரு தொழிற்கல்வித் துறைக்கு மாறுபவர் மற்றொரு வகை. ஆய்வகப் பட்டயத்திலிருந்து ஆய்வகப் பட்டத்துக்குச் செல்பவர் இந்த இரண்டிலும் அடங்கமாட்டார். கட்டம் உயர்கிறது, துறை அதுவாகவே இருக்கிறது. முதலாம் ஆண்டிலிருந்து சேர்ந்தாலும் இந்த நிலை மாறாது.

வாய்மொழி மறுப்பை ஏற்றுத் திரும்பிவிடக்கூடாது என்பதே இங்கு முதன்மையான பாடம். காரணம் கூறும் எழுத்துவழி ஆணை கையில் இருந்தால் மேல்முறையீட்டுக்கும் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுவுக்கும் அது வலுவான அடிப்படையாகும்.

இதில் சாதி எங்கே இருக்கிறது?

சாதி வேலைகளை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்வோரையே ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிவிடுகிறது என்பதை 1936இலேயே அண்ணல் அம்பேத்கர் விளக்கிவிட்டார். இரத்தமும் சளியும் மலமும் சிறுநீரும் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட ஒரு சமூகத்தில், அவற்றைக் கையாளும் அறிவியல் கூடம் அந்த மனநிலையிலிருந்து தானாக விடுபட்டுவிடாது. மாதிரி சேகரிப்பும் குடுவை கழுவுதலும் ஒரு கையிலும், அறிக்கையும் கையொப்பமும் இன்னொரு கையிலும் நிரந்தரமாகத் தங்கிவிட்டால், பழைய அடுக்கு புதிய பெயரோடு தொடர்கிறது என்றே பொருள்.

இதற்கு எவரும் வெளிப்படையாகச் சாதி பார்க்க வேண்டிய தேவையில்லை. மீண்டும் மூன்றாண்டுகள் ஊதியமின்றிப் படிக்க வசதியுள்ள குடும்பத்துக்கு, பட்டயம் ஏற்கப்படாதது ஒரு தாமதம். கூலி வேலையில் வாழும் குடும்பத்துக்கு அதுவே முடிவு. ஒரே விதி இருவருக்கும் இருவேறு விளைவைத் தருகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 15(4), 15(5), 46 ஆகிய உறுப்புகள் இத்தகைய விளைவுகளைச் சரிசெய்யவே அரசுக்கு அதிகாரமும் கடமையும் அளிக்கின்றன.

சேரும் முன்பும் ஏமாற்றப்பட்ட பின்பும்

ஆய்வகப் படிப்பில் சேர நினைக்கும் மாணவர் நான்கு செய்திகளை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். பட்டயத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது வாரியம்? படிப்புக்காலம் ஈராண்டும் 2,000 மணிநேரமும் வருகிறதா? மருத்துவமனைப் பயிற்சி எங்கே, எத்தனை மாதம்? இந்தப் பட்டயத்தைக் கொண்டு எந்தப் பட்டப்படிப்பில், எந்த ஆண்டில் சேர முடியும்? அரசுப் பல்கலைக்கழகமாயின், கடைசிக் கேள்வியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழும் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். சேர்க்கை விளம்பரத்தையும் கட்டண ரசீதையும் கடைசிவரை பாதுகாத்து வைக்க வேண்டும்.

ஏன் பாதுகாக்க வேண்டும் என்பதற்கு, புத்திஸ்ட் மிஷன் பல் மருத்துவக் கல்லூரி எதிர் பூபேஷ் குரானா வழக்கே சான்று. பல்கலைக்கழக இணைப்பும் பல் மருத்துவக் குழுவின் ஏற்பும் இருப்பதாகப் பொய்யாக விளம்பரம் செய்து மாணவர்களைச் சேர்த்தது பிகாரைச் சேர்ந்த அந்தக் கல்லூரி. மாணவர்களுக்குக் கட்டணத்தையும் இழப்பீட்டையும் வழங்க வேண்டும் என்ற தீர்ப்பை 2009இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நுகர்வோர் நீதிமன்றத்தில் தொடங்கிய அந்த வழக்கில் மாணவர்களின் கையிலிருந்த ஆயுதம் கல்லூரியின் விளம்பரம்தான்.

உதவித்தொகை வரவில்லை என்று கூறி மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைப்பதும் தடுக்கத்தக்கதே. மூலச் சான்றிதழ்களை நிறுவனங்கள் தம்வசம் வைத்திருக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்துள்ளது. கல்விச் சான்றிதழ் அடகுப் பொருளன்று என்பதைச் சென்னை உயர் நீதிமன்றமும் தெளிவுபடுத்தியிருக்கிறது. சான்றிதழ் கையில் இல்லாதவர் அடுத்த கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்பதால், இதற்கு உடனடியாக வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புவது நல்லது.

தனி மாணவர்களின் விழிப்பு மட்டும் போதாது. ஆய்வகப் பட்டயம் பெற்றவர்களுக்கு பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் தனி இடங்களும், இடஒதுக்கீட்டோடு கூடிய ஒற்றைச் சாளரக் கலந்தாய்வும் வேண்டும். பள்ளியில் அறிவியல் படிக்காதவர்களுக்கு இணைப்புப் பாடம் வேண்டும். ஓராண்டுப் படிப்பு முடித்துப் பணியில் இருப்போர் தகுதியை உயர்த்திக்கொள்ள, அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே வழி வேண்டும். இவை மூன்றும் மாநில அரசும் மாநில மன்றமும் பல்கலைக்கழகங்களும் செய்யக்கூடியவை. மாணவர் அமைப்புகள் இக்கோரிக்கைகளை முன்னெடுக்க வேண்டும்.

எங்களிடம் வந்த மாணவிக்காக, உதவித்தொகை மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்டு மனு அளித்திருக்கிறோம். பதில் எதுவாயினும், அது அவருக்குப் பின்னால் வரும் மாணவர்களுக்கும் பயன்படும் ஆவணமாகும். அவர் இப்போதும் காலை ஆறு மணிக்கு ஆய்வகத்தைத் திறந்து, வெறும் வயிற்றில் வரும் சர்க்கரை நோயாளிகளிடம் இரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான விண்ணப்பத்தையும் ஆயத்தம் செய்துவருகிறார்.